ஐயத்தின் எல்லை

நியாய சாஸ்திரம் பயிலத் தொடங்கும் மாணாக்கனுக்கு ஆசிரியர் முதன்முதலாக எடுத்துக் காட்டும் உதாரணம் ஒரு மலையைப் பற்றியது. தூரத்தே மலை தெரிகிறது. அதன்மேல் புகை எழுகிறது. புகை எங்குண்டோ அங்கு நெருப்பும் உண்டென்பதை அடுக்களையிலே கண்டு பழகியவன், கண்ணுக்குப் புலனாகாத நெருப்பை அம்மலையின்மேல் துணிகிறான். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாரத நாட்டுத் தர்க்க நூலார் இந்த ஒரு மலையையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். வைதிகரும் பௌத்தரும் சமணரும் தம்முள் எத்துணை மாறுபட்டாலும் இம்மலையை மட்டும் பொதுச் சொத்தாக வைத்துக்கொண்டனர். ஆயினும் அவர்களுள் எவரும் அதன்மேல் ஏறிப் பார்க்கவேண்டிய நிர்ப்பந்தம் உடையவராகக் காணப்படவில்லை. கீழே நின்றபடியே நெருப்பு உண்டென்று சாதித்துவிட்டால் வாதம் முடிந்தது. மலைமேல் ஏறியே தீரவேண்டியவனுக்கு, அதிலும் பிறர் ஓட்டித் தேய்த்த பழைய வண்டி ஒன்றை நம்பி ஏறவேண்டியவனுக்கு, அறிவைப் பற்றிய வினா வேறொரு வடிவம் கொள்கிறது. எவ்வளவு அறிந்தால் போதும்? எந்த இடத்தில் ஐயத்தை நிறுத்திவிட்டு வண்டியில் கால் வைக்கலாம்?

சமய வாழ்வில் புகுவோர் எல்லோரையும் வருத்தும் வினாவும் இதுவே. குருவின் வாக்கை எதுவரை சோதிப்பது, ஆகமத்தை எதுவரை ஆராய்வது, ஆராய்ச்சி முடியும்வரை வழிபாட்டை ஒத்திவைப்பது தகுமா, ஒத்திவைத்தால் ஆயுள் அதற்கு இடங்கொடுக்குமா என்றெல்லாம் கேட்போருக்கு, நம்பு என்று சொல்லிவிடுவோரும் நம்பாதே என்று சொல்லிவிடுவோரும் நிறைய உண்டு. எப்படி நம்புவது என்பதைச் சொல்லிக் கொடுப்போர்தாம் அரியர். அதனைச் சொல்லிக் கொடுத்த பழைய தார்க்கிகர்களைப் பழைய ஜீப் வாங்கும் இடத்துக்கு அழைத்துச் சென்றால் என்ன என்று எனக்குத் தோன்றியதுண்டு. அவர்களுக்கு அது கௌரவக் குறைவாகாது. பானையையும் துணியையும் பசுவையும் வைத்துக்கொண்டு பரம்பொருளை விசாரித்தவர்கள் அவர்கள்.

தேனி மாவட்டத்தின் மேற்கெல்லையில், போடிநாயக்கனூரிலும் தேவாரத்திலும் கம்பத்திலும், பொழுது புலருமுன்னரே ஜீப்புகள் வரிசையாக வந்து நிற்கும். தூக்குவாளியில் மதியச் சோற்றை எடுத்துக்கொண்டு வரும் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை, அவர்களுள்ளும் பெண்களையே பெரும்பாலும், நெருக்கி ஏற்றிக்கொண்டு அவை கேரளத்து மலைகளை நோக்கிப் புறப்படும். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் வழியில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எனினும் அது தார்ச் சாலை, அதில் சாமானியமான காரும் ஏறிவிடும். மெட்டைக் கடந்து இடுக்கிச் சீமைக்குள் சென்று, சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பிரியும் பாதையில் திரும்பினால், தார் என்று ஒன்று உலகில் இருந்ததே மறந்துபோகும். ஏறக்குறைய 7,900 அடி உயரத்தில் உள்ள அத்தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டைச் சேர்ந்ததேயாயினும், வண்டி ஏறும் வழி கேரளத்தின் பக்கம் இருப்பது எல்லைக்கோடு கிழித்தவர்களுடைய விநோதம். அந்த வழியில் பாதை என்பது பாறைகளின் வரிசை. ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது எதிர்மூலைச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் ஒன்றுமில்லை.

இத்தகைய வழிக்கு வாங்கத்தக்க பழைய வண்டிகள் இரண்டொரு ஜாதிகளே. 1941ஆம் ஆண்டில் அமெரிக்கச் சேனைக்காக வில்லிஸ் கம்பெனியார் செய்யத் தொடங்கிய ஜீப், யுத்தம் முடிந்தபின் 1947இல் பம்பாயில் மஹீந்திரா கம்பெனியாரால் இந்நாட்டிலேயே பூட்டப்படலாயிற்று. அதன் வம்சத்தில் வந்த பலவகை டீசல் ஜீப்புகளே இம்மலைகளில் மிகுதி. 1985ஆம் ஆண்டில் வந்த மாருதி ஜிப்ஸி மற்றொன்று. முதலில் 970 சி.சி. பெட்ரோல் எஞ்சினோடு, ஒரு டன்னளவே எடை கொண்டு, சேறும் சரளையும் நிறைந்த இடங்களில் ஆட்டுக்குட்டிபோல் ஏறும் இயல்புடையது அது. இப்போது புதிதாகச் செய்யப்படுவதில்லை ஆகையால் பழையதைத் தேடித்தான் வாங்கவேண்டும். இரண்டிலும் பட்டை வில்லும், முழு அச்சும், எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் அவிழ்த்துப் பூட்டத்தக்க எளிய அமைப்பும் உண்டு. புது வண்டியை விட்டுப் பழையதை நாடுவானேன் என்று கேட்போருக்கு இதுவே விடை: மலையுச்சியில் நின்றுபோன வண்டிக்குக் கணினி வைத்தியர் ஏறி வருவதில்லை.

வண்டியைப் பார்க்க வருபவன் முதலில் உலோகாயதனாகவே வருகிறான். கண்ணால் கண்டதே மெய் என்பது அவனுடைய மதம். வர்ணம் பளபளக்கிறது, டயர் புதிது, இருக்கைக்குப் புது ரெக்ஸின் தைத்திருக்கிறது, போதாதா? போதாது என்பதை அந்த ஜீப்பே அவனுக்குக் கற்பிக்கும். மஹீந்திரா ஜீப்புகளுள் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகளும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். குனிந்து, முன் அச்சின் நடுவே கிரவுன் உருளை புடைத்திருக்கிறதா என்று பார்த்தாலன்றி வேற்றுமை தெரியாது. உருளை இருந்தாலும் அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் முன் ஷாஃப்டை, எண்ணெய்ச் செலவு குறையட்டும் என்று எவரோ கழற்றிவைத்திருக்கலாம். ஷாஃப்ட் இருந்து, நெம்பியைப் போட்டவுடன் பலகையில் விளக்கும் எரிந்து, அப்போதும் முன்சக்கரம் இழுக்காமல் இருக்கலாம். ஏனெனில் சில வண்டிகளில் சக்கரத்தின் நடுவே உள்ள பூட்டைக் கையால் திருகினாலன்றி அச்சும் சக்கரமும் சேர்வதில்லை. விளக்கு எரிவது பிரத்தியட்சம்; நான்கு சக்கரமும் இழுக்கிறது என்பது பிரத்தியட்சமன்று. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியிலேதான் பழைய வண்டித் தரகர்கள் குடும்பம் நடத்துகிறார்கள்.

அடிச்சட்டமாகிய சேஸியின் நிலையும் அவ்வாறே. பட்டை வில்லைத் தாங்கும் காதுகளின் அருகே விரிசல் கண்டு பற்றவைத்திருப்பார்கள். மேலே கறுப்புத் தார்ப்பூச்சு அடித்துவிட்டால் கண்ணுக்கு எல்லாம் ஒன்றே. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்றும், துருவேறிய இரும்பு மண்சுவரைத் தட்டினாற்போல மங்கியும் ஒலிக்கும். கண் ஏமாந்த இடத்தில் செவி ஏமாறவில்லை என்று உலோகாயதன் மகிழலாம். ஆனால் ஒலியைக் கேட்டு உள்ளிருக்கும் துருவைத் துணிந்த அக்கணமே அவன் தன் மதத்தை விட்டு அனுமான வாதியாகிவிட்டான் என்பதை அவனுக்கு மெல்ல உணர்த்தவேண்டும்.

இனிப் புகைக்கு வருவோம். நையாயிகனுக்குப் புகை ஒன்றே. பட்டறைக்காரனுக்குப் புகை மூன்று. கறும்புகை வந்தால் எரிபொருள் மிகுதியாகப் போகிறது, அல்லது காற்று போதவில்லை. அது பெரும்பாலும் சில்லறைச் செலவோடு தீரும். நீலம் பாரித்த புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது, பிஸ்டன் வளையமோ வால்வோ தேய்ந்துவிட்டது. வெண்புகை ஓயாமல் வந்தால் டீசல் சரிவர எரியவில்லை, அல்லது குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. காரியத்தைக் கண்டு காரணத்தை ஊகிக்கும் இந்த வித்தையில், தர்க்கம் படியாத மெக்கானிக் ஒருவர் பண்டிதர்களைக் காட்டிலும் நுட்பமாக நடந்துகொள்வதைக் காணலாம். ஆனால் மலைநாட்டுக் காலையில் ஒரு விபரீதம் நேர்கிறது. குளிரில் எந்த எஞ்சினைக் கிளப்பினாலும் குழாயிலிருந்து வெள்ளையாக ஒன்று வரும். அது வெறும் நீராவி. அதைப் புகையென்று மயங்கி நல்ல வண்டியைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. புகையை ஆவியென்று சொல்லிக் கெட்ட வண்டியைத் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு.

இந்த மயக்கத்தை நம் தமிழ்நூலொன்று முன்னமே குறித்து வைத்திருக்கிறது. மணிமேகலையின் 29ஆவது காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் உபதேசிக்கும்போது, ஏதுப் போலிகளுள் ஒன்றாக இதனை எடுத்துரைக்கிறார்: காண்பது ஆவியோ பனியோ புகையோ என்ற ஐயம் தீராதிருக்கையிலேயே, புகைதான் என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டெனத் துணிவது குற்றம். காவியத்தின் நடுவே தர்க்க பாடம் வைத்ததற்காகச் சாத்தனாரைக் குறைகூறும் ரசிகர்களை நான் அறிவேன். அவர்கள் மலையில் பழைய ஜீப் வாங்க வேண்டியிராத பாக்கியசாலிகள். ஆவியாயின் குழாயை விட்டு நாலடி போகுமுன் காற்றில் கரைந்துவிடும். எண்ணெய்ப் புகை நீலக்கொடியாகத் தொங்கிக்கொண்டு நெடுநேரம் நிற்கும். ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள இத்துணையே வேண்டும், பொறுத்து நின்று பார்ப்பதற்கு ஆள் இருந்தால்.

அனுமானத்தைக் கெடுப்பது போலிப் புகை மட்டுமன்று, உபாதி என்று தார்க்கிகர் சொல்லும் மறைந்த நிபந்தனையும் கெடுக்கும். புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்புள்ள இடத்திலெல்லாம் புகை உண்டென்று திருப்பிச் சொல்லக்கூடாது, ஏனெனில் ஈர விறகு இருந்தால்தான் புகை வரும், பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பிருந்தும் புகையில்லை. விற்கிறவனுக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரியும். வாங்குகிறவன் வருமுன் அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி வைத்துவிட்டால், தேய்ந்த எஞ்சினும் ஒரே சாவியில் கிளம்பும், புகையும் அடங்கியிருக்கும். "முதல் சாவியில் கிளம்புகிறது பாருங்கள்" என்று அவன் சொல்வது பொய்யன்று. ஆனால் அந்த மெய், சூடு என்னும் உபாதியோடு கூடிய மெய். இவ்விஷயத்தில் அநுபவமுள்ளவர் வந்தவுடன் பேச்சுக்கு முன்னே எஞ்சின் மேல் கையை வைத்துப் பார்ப்பார். பின்பு சாவியை வாங்காமலே, துணைக்கு வந்த இளைஞனிடம், "இஞ்சின் வெதுவெதுன்னு இருக்கு தம்பி, நாளைக்கு விடிகாலையிலே வருவோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பார். விற்கிறவன் முகம் அப்போது போகும் போக்கு தனியான ஒரு பிரமாணம்.

சமவெளியில் ஓட்டிப் பார்ப்பதிலும் உபாதி உண்டு. காற்றை உறிஞ்சியே வேலைசெய்யும் பழைய எஞ்சின், ஆயிரம் அடி உயர்வதற்குச் சுமார் நூற்றுக்கு மூன்று பங்கு பலத்தை இழக்கும். போடியில் நிறைந்த மூச்சோடு ஓடியது கொழுக்குமலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொலைத்துவிட்டு நிற்கும். ஆகையால் கீழ்நாட்டில் கண்ட சாமர்த்தியத்தை மேல்நாட்டுக்கு ஏற்றிச் சொல்லும் அனுமானம், வியாப்தி என்னும் மாறாத் தொடர்பு அறுந்த அனுமானம். நாற்சக்கர இழுப்பையோ தார்ச் சாலையில் சோதிக்கவே கூடாது. இவ்வண்டிகளில் முன்னச்சும் பின்னச்சும் அந்நிலையில் ஒன்றாகப் பிணைபடுவதால், வளைவில் திரும்பும்போது சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு பல்லைத் தேய்க்கும். புழுதியிலோ சரளையிலோ இறக்கித்தான் பார்க்கவேண்டும். சோதனையே பொருளைக் கெடுத்துவிடும் இடங்களும் உலகில் உண்டென்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

மீமாம்சகர் தனிப் பிரமாணமாகக் கொள்ளும் அருத்தாபத்திக்கும் இங்கே வேலை உண்டு. பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான் என்றால் இரவில் உண்கிறான் என்று கொள்ளவேண்டும் என்பார்கள். மீட்டரில் நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் காட்டுகிறது, ஆனால் கிளட்ச் மிதியின் ரப்பர் இரும்பு தெரியத் தேய்ந்திருக்கிறது. அவ்வாறாயின் வண்டி ஓட, மீட்டர் ஓடாதிருந்த ஒரு காலம் இருந்திருக்கிறது. பழைய டீசல் எஞ்சினின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு அறவே இல்லையென்றால், அந்த இன்மையைக் கண்டும் மகிழக்கூடாது; நேற்று யாரோ கழுவியிருக்கிறார்கள்.

இவ்வளவும் வாங்குகிறவன் தானே செய்யத்தக்கவை. ஆனால் கியர்ப்பெட்டியின் உள்ளே எவனும் தலையை விட்டுப் பார்க்க முடியாது. அங்கே நம்பத்தக்கவர் உரையாகிய ஆப்த வாக்கியம் வந்து நிற்கிறது. பௌத்தருக்குக் காட்சியும் கருத்தும் ஆகிய இரண்டே அளவைகள். அருணந்தி சிவாசாரியாரோ சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே, பிறர் கூறும் அளவைகள் அனைத்தையும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கி, உரைக்கு உரிய இடத்தைக் கொடுத்துவிடுகிறார். உரையை இரண்டாந்தர அறிவாக எண்ணுவது நம் காலத்தின் மோஸ்தர். நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, நம் பெற்றோர் இன்னார் என்பது உட்பட, பிறர் சொல்லக் கேட்டதே என்பதை அம்மோஸ்தர் மறைக்கிறது.

எவன் ஆப்தன்? வாத்ஸ்யாயனர் தம் நியாய பாஷ்யத்தில் கூறும் லட்சணம் வியக்கத்தக்கது. பொருளை நேரே அறிந்திருக்கவேண்டும். அறிந்தபடியே பிறருக்குத் தெரிவிக்க விருப்பமும் இருக்கவேண்டும். இந்த லட்சணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் சமானம் என்று அவர் தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறார். குலத்தையும் கல்வியையும் கடந்த இந்த வாக்கின்படி, முப்பது வருஷம் ஜீப்பின் அடியில் மல்லாந்து கிடந்து, நகக்கண்ணில் கிரீஸ் கறை போகாத பட்டறைக்காரர், கியர்ப்பெட்டி விஷயத்தில் ரிஷியேயாவார். எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி, அவ்வாயின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து, உள்ளிருந்து வரும் மூச்சை அவர் பார்க்கும் விதத்தை நின்று கவனிக்கவேண்டும். மெல்லிய மூச்சு எல்லா எஞ்சினுக்கும் உண்டு. விட்டுவிட்டு உந்தித் தள்ளும் மூச்சு, தேய்ந்த வளையங்களின் வழியே அழுத்தம் கீழே இறங்குவதைச் சொல்லும். நாமும் அதே வாயில் அதே கையை வைக்கலாம். நமக்குக் காற்று தெரியும், அவருக்கு எஞ்சின் தெரியும். ஆனால் அறிவு இருந்தும், சொல்லும் விருப்பம் இல்லாத இடத்தில் ஆப்தத் தன்மை இல்லை. விற்கிறவனிடமிருந்தும் தரகு பெறும் பட்டறைக்காரர் ரிஷித்துவத்திலிருந்து நழுவிவிடுகிறார். ஆகவே மெக்கானிக்கைத் தெரிந்தெடுப்பது வண்டியைத் தெரிந்தெடுப்பதைக் காட்டிலும் கடினம். குருவைத் தெரிந்தெடுப்பது சமயத்தைத் தெரிந்தெடுப்பதைக் காட்டிலும் கடினமாயிருப்பதும் இக்காரணத்தாலேயே.

இவ்விடத்தில் நம் தத்துவ சரித்திரத்தின் மாபெரும் வழக்கு ஒன்று குறுக்கிடுகிறது. ஓர் அறிவு தோன்றும்போதே மெய் என்ற தகுதியோடு தோன்றுகிறது, அதைக் கெடுக்கும் காரணம் வெளிப்பட்டாலன்றி அது மெய்யே என்பது குமாரிலர் முதலிய மீமாம்சகர் கொள்கை. அறிவு தோன்றினால் மட்டும் போதாது, அதன் மெய்ம்மை வேறொன்றால் நிச்சயிக்கப்படவேண்டும், அந்த வேறொன்று அவ்வறிவைப் பற்றி நடந்து பயன் கண்டதேயாகும் என்பது நையாயிகர் கொள்கை. கானலை நீரென்று எண்ணியவனும் நீரை நீரென்று எண்ணியவனும் எண்ணிய அளவில் ஒருவரே. குடித்துத் தாகம் தீர்ந்தவன் வேறாகிறான். முதற்கொள்கையைக் கைக்கொண்டு வண்டிச் சந்தைக்குப் போகிறவன் தரகர் சொன்னதையெல்லாம் மெய்யென்று கொண்டு, கேடு கண்டபின் விழிப்பான். ஆனால் மீமாம்சகரை அவ்வளவு எளிதாகப் பரிகசித்துவிட முடியாது. வேதத்தை அவர்கள் நம்பியது அதற்குக் கர்த்தா இல்லை என்பதனால். சொன்னவன் ஒருவன் இருந்தால்தானே அவனுடைய ஆசையும் அஞ்ஞானமும் சொல்லில் ஏறும்? விற்கிறவன் இல்லாத ஜீப் ஒன்று உலகில் அகப்படுமானால், அதை நானும் குமாரிலர் வழியிலேயே வாங்குவேன்.

நையாயிகர் வழியில் வேறோர் இடர் உண்டு. சோதித்தே நம்பவேண்டுமென்றால், சோதனையை எதனால் சோதிப்பது? மெக்கானிக்கை நம்பலாமா என்று இன்னொரு மெக்கானிக்கைக் கேட்டால், அவரை நம்பலாமா என்பதற்கு மூன்றாமவர் வேண்டும். அநவஸ்தை என்னும் இம்முடிவின்மையில் அகப்பட்டு, வருஷக்கணக்காக வண்டி பார்த்துக்கொண்டே இருந்து, ஒன்றையும் வாங்காமல் முதுமையடைபவர்களை எல்லா ஊரிலும் காணலாம். சமய நூல்களை ஒப்பிட்டு ஒப்பிட்டு ஆராய்ந்து, ஒரு நாளும் கைகூப்பாதவர்களும் இவர்களுக்கு உறவினரே.

இதற்கு விடை சொன்னவர் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் விளங்கிய உதயனாசாரியர். ஈசுவரன் உண்டென்பதை நிறுவுவதற்கென்றே நியாய குசுமாஞ்சலியை இயற்றியவர். பூரி ஜகந்நாதர் சந்நிதியில் கதவு அடைத்திருக்கக் கண்டு, பௌத்தர் வந்து வாதிடும்போது உன் இருப்பே என் கையில் இருக்கிறது, இப்போது எனக்குக் காட்சி தரமாட்டாயா என்று கடவுளையே கோபித்துக்கொண்டதாகக் கதை வழங்கும் மகாபுருஷர். அவர் அந்நூலின் மூன்றாம் பகுதியில், ஐயம் எதுவரை செல்லும் என்று கேட்டு, ஐயுறுகிறவனுடைய சொந்தச் செய்கையோடு அது முரண்படும் இடம்வரை என்று எல்லை வகுக்கிறார். நெருப்பினால் புகை உண்டாகுமோ ஆகாதோ என்று வாதிக்கிறவன், புகை வேண்டியபோது நெருப்பைத்தானே மூட்டுகிறான்? பசி தீரச் சோற்றையும், பிறருக்குத் தெரிவிக்கச் சொல்லையும் நாடுகிறவன், அவற்றின் பயனைப் பற்றி வாயால் ஐயப்படலாம், உள்ளத்தால் ஐயப்படவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் இவ்வாக்கையே திருப்பி அடித்தார்: முரண் இருக்கிறதென்றால் முரண்படுவதற்கு ஐயமும் இருந்துதானே ஆகவேண்டும், இருக்கிற ஐயத்துக்கு முரண் எப்படி எல்லையாகும்? பிறகு வந்த மிதிலையின் கங்கேசர், சொற்சாமர்த்தியத்தில் இறங்காமல், ஒருவன் செய்யும் செயலே அவ்விஷயத்தில் ஐயம் எழுவதைத் தடுத்து நிற்கிறது என்று விளக்கி வழக்கை மீட்டார்.

நான் கங்கேசர் கட்சி. ஆனால் மலைப்பாதையைக் கண்டபின் அக்கட்சிக்குள்ளேயே ஒரு திருத்தம் வேண்டும் என்று கருதுகிறேன். ஐயத்தின் எல்லை எல்லாச் செயலுக்கும் ஒன்றாக இருக்க முடியாது. போடி கடைவீதிக்குப் போய்வர வாங்கும் ஜீப்பின் பிரேக் சற்றே இழுத்தால் சுவரில் முட்டி நிற்கும். அதே குற்றம் கொழுக்குமலை இறக்கத்தில், எஞ்சினையே பிரேக்காகக் கொண்டு, சிறு கியரில் உறுமிக்கொண்டு இறங்குகையில், கியர் நழுவிய ஒரு கணத்தில் பத்துப் பேர் கதையை முடித்துவிடும். ஆகையால் முன்னவன் விட்டுவிடத்தக்க ஐயத்தைப் பின்னவன் விடலாகாது. பள்ளத்தின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு விசாரணை. அவ்விசாரணைக்குப் பின்னும் எஞ்சும் ஐயத்தை அந்த மலை டிரைவர்கள் வாதத்தால் தீர்ப்பதில்லை; உபரி ஃபேன் பெல்ட், ஜாக்கி, வடக்கயிறு, சக்கரத்துக்கு அண்டைகொடுக்க இரண்டு கட்டை என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சிரத்தை என்று சாஸ்திரங்கள் சொல்வது இந்த மனநிலைக்கு மிகவும் அண்மையானது என்பது என் அபிப்பிராயம். ஐயமே தலைகாட்டாத மனத்தின் உறக்கத்துக்கு அப்பெயர் பொருந்தாது.

இனி ஆட்சேபம். ஜீப்பை ஓட்டிப் பார்க்கலாம், மோட்சத்தை ஓட்டிப் பார்க்க முடியுமா? இவ்வுலகத்தில் பயன் கண்டு நிச்சயிக்கலாம் என்ற நையாயிகர், மறுமையைப் பற்றிய வாக்கை எதனால் நிச்சயிப்பர்? நியாய சூத்திரம் இதற்கு ஆயுர்வேதத்தைக் காட்டுகிறது. மருந்தைப் பற்றி ஆப்தர் சொன்னது உண்டு பார்த்தவர்க்குப் பலித்திருக்கிறது. அதுபோலவே காணமுடியாதவற்றைப் பற்றி அவர் சொன்னதும் மெய்யாகும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வதும் இதுவே. இந்தச் சமாதானம் என் மனத்துக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஒரே பானையில், ஒரே நீரில், ஒரே தீயில் வெந்ததனால் ஒரு பருக்கை மற்றெல்லாப் பருக்கைக்கும் சாட்சியாகிறது. ஜீப் அப்படிப்பட்டதன்று, புத்தம்புதிய டயர் தேய்ந்துபோன கிரவுனுக்குச் சாட்சி சொல்லாது. டயரைப் பற்றி மெய் சொன்னவன் கிரவுனைப் பற்றியும் மெய் சொன்னான் என்று கொள்வதற்கும் அதனால் நியாயம் ஏற்படாது. டயரைப் பற்றிப் பொய் சொல்ல அவனுக்கு அவசியமே இருக்கவில்லை. சரிபார்க்கத்தக்க விஷயத்தில் மெய் சொல்வது எவர்க்கும் எளிது.

ஆயின் சாட்சியின் மதிப்பு எதனால் தெரியும்? சந்தையில் இதற்கு ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். கேட்காத குற்றத்தை, தனக்கு நஷ்டமாகும் என்று தெரிந்தும் தானே எடுத்துச் சொல்கிறவனுடைய மற்றச் சொற்களுக்கு மதிப்பு உயர்கிறது. "முன்பக்கம் கிங்பின் ஆட்டம் கொடுத்திருக்குங்கய்யா, மாத்தித்தான் ஓட்டணும், அதை விலையிலே கழிச்சுக்கங்க" என்று ஒருவன் சொன்னால், வாங்குகிறவன் காதைத் தீட்டிக்கொண்டு அடுத்த சொல்லைக் கேட்கிறான். நம் அருளாளர்களின் பாசுரங்களையும் பதிகங்களையும் இந்த அடையாளத்தோடு படித்துப் பார்க்கிறேன். கடவுளைக் கண்டோம் என்று மட்டும் அவர்கள் சொல்லியிருந்தால் தரகர் வாக்கென்று தள்ளிவிடலாம். காணாத நாட்களையும், தம் பொய்யையும், கலங்கியதையும், கேட்டது கிடையாமல் வெகுண்டதையும் அவர்கள் மறைக்கவில்லை. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று செய்த சபதத்தை மீறியதனால் இரு கண்ணும் இழந்தார் சுந்தரர் என்பது சரித்திரம். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் மட்டும் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றொன்றும் வந்தன. ஒவ்வோர் இடத்திலும் அவர் பாடினார். பிழை தம்முடையது என்பதை ஒளிக்காமலே இறைவனோடு வழக்காடினார்.

கெட்டிக்காரத் தரகன் இதையும் கற்றுக்கொள்வான் என்று நீங்கள் சொல்லக்கூடும். சொல்வது சரியே. சிறு குற்றம் ஒன்றைத் தானே ஒப்புக்கொண்டு, அந்த நல்ல பெயரின் நிழலில் பெரிய குற்றத்தைக் கடத்திவிடும் வித்தை சந்தையில் உண்டு; பணிவையே முதலாக வைத்து வியாபாரம் செய்யும் சாமியார்களும் உண்டு. இரு வகையாரையும் பிரித்தறிய வழி இல்லாமற் போகவில்லை. அவ்வாறு ஒப்புக்கொள்ளப்படும் குற்றம் எப்போதும் விலையைக் குறைக்காத குற்றமாகவே இருக்கும்: ஹார்ன் சரியாக ஒலிக்காது, இருக்கையில் ஒரு கிழிசல், கண்ணாடியில் ஒரு கீறல். கிங்பின் ஆட்டத்தைச் சொன்னவன் அதற்கான பணத்தைத் தன் கையிலிருந்து கழித்துக் கொடுத்தான். சுந்தரர் ஒப்புக்கொண்ட பிழைக்குக் கண்களைக் கொடுத்திருந்தார்.